குழு பரிந்துரைத்த பிறகுதான் வேலையே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு இத்தனை கோடி, அந்தக் கல்லூரிக்கு இத்தனை கோடி என்று ஆராய்ச்சிக் கட்டமைப்பு மானியம் குறித்த செய்திகள் வரும்போது தொகைதான் தலைப்பாகிறது. அந்தத் தொகை எந்த விதத்தில் இறுதி செய்யப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. மானியத்தில் வாங்கிய கருவி ஐந்து வருடம் கழித்து ஓடுமா, உறைபோட்டு மூடிக் கிடக்குமா என்பது பெரும்பாலும் அந்த இறுதிக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பதால் இதை எழுதுகிறோம்.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்தும், உயர்கல்வி நிறுவனங்களின் ஆராய்ச்சிக் கட்டமைப்புக்கு உதவும் ஃபிஸ்ட் திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பல கல்லூரிகளின் முதுநிலைத் துறைகளுக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் ஓரளவு பெரிய கருவி கிடைத்தது இதன் வழியாகத்தான். கருவி, ஆய்வகச் சீரமைப்பு, கணினி வசதி, பராமரிப்பு என்ற தலைப்புகளில் ஐந்தாண்டுகளுக்கு உதவி கிடைக்கும். விண்ணப்பம் சலிக்கப்பட்டு, துறைத் தலைவர் வல்லுநர் குழு முன் விளக்கம் தந்து, குழு பரிந்துரைத்து, அமைச்சக நிதிப் பிரிவு இசைந்த பிறகு அனுமதி ஆணை வரும். பரிந்துரைக்கும் ஆணைக்கும் நடுவே சில வாரங்கள் ஓடும், சில நேரம் பல மாதங்கள். அந்த இடைவெளியில் துறைக்கு வருவது ஒரே ஒரு கடிதம்: “குழு இவ்வளவு பரிந்துரைத்துள்ளது, திருத்திய வரவுசெலவுக் கணக்கை உடனே அனுப்பவும்.” கெடு சில நாள்கள்தான்.

இரண்டு கோடி கேட்டிருந்த துறைக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். எதை வெட்டுவது? துறைத் தலைவர் பெரிய கருவியில் கை வைக்க மாட்டார், ஏனென்றால் குழு பாராட்டியதே அதைத்தான். வெட்டு விழுவது கண்ணுக்குத் தெரியாத இடங்களில். ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி என்றால் முதலில் போவது தனிமங்களைக் காட்டும் எக்ஸ்-கதிர் உணரி. அடுத்து மாதிரிமீது தங்கப் பூச்சு பூசும் கருவி, பிறகு யு.பி.எஸ்., குளிர்நீர்க் கருவி, கடைசியாகக் கூடுதல் உத்தரவாதக் காலம். தங்கப் பூச்சு இல்லாவிட்டால் பாலிமர், இலை, பாக்டீரியா போன்ற மின்கடத்தா மாதிரிகளில் மின்னூட்டம் தேங்கிப் படம் வெளிறிப்போகும். உணரி இல்லாவிட்டால் படம் வரும், அதில் இருப்பது இரும்பா டைட்டேனியமா என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வந்த மாணவர் மாதிரியை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் பேருந்து ஏறுவார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை இது.

கேட்ட எல்லோருக்கும் ஒரே விழுக்காட்டில் குறைப்பது நியாயம்போலத் தோன்றும். கருவிகளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இரண்டு கருவி கேட்ட துறைக்கு எழுபது விழுக்காடு தருவதைவிட, ஒரு கருவியை அதன் துணைப்பொருள் அனைத்தோடும் தந்துவிட்டு மற்றதை மறுப்பது நல்லது. குழுவில் இருப்பவர்களுக்கு இது தெரியாததல்ல. எந்த உருப்படி நிற்கிறது, எது நீக்கப்படுகிறது என்று கூட்டக் குறிப்பில் உருப்படிவாரியாக எழுதும் வழக்கம் எல்லாக் குழுக்களிலும் இல்லை என்பதுதான் குறை. எழுதியிருந்தால் துறைத் தலைவர் யு.பி.எஸ்.ஸை வெட்டவே முடியாது.

அடுத்தது விலைப்புள்ளியின் வயது. விண்ணப்பத்தோடு வைக்கும் கொட்டேஷன் வழக்கமாக 90 நாள் செல்லும். அனுமதி ஆணை வரும்போது அதற்கு ஒன்றரை வயது ஆகியிருக்கும். 2020 தொடக்கத்தில் டாலர் 71 ரூபாய் அளவில் இருந்தது, 2025 தொடக்கத்தில் 86ஐத் தாண்டியது. இரண்டு லட்சம் டாலர் கருவி முதல் கணக்கில் 1.42 கோடி, இரண்டாவது கணக்கில் 1.72 கோடி. வரியும் நிலையாக நிற்பதில்லை. ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 விழுக்காடாக இருந்த சலுகை ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. பெரும்பாலான கருவிகளுக்கு அது 18 ஆனது. ஒன்றரைக் கோடி கருவிக்கு வரி மட்டும் ஏழரை லட்சத்திலிருந்து 27 லட்சம். பழைய விகிதத்தில் அனுமதி பெற்றவர்கள் மீதி பத்தொன்பதரை லட்சத்துக்கு எங்கே போவார்கள்? சிலர் கருவியின் ரகத்தைக் குறைத்தார்கள், சிலர் மறுபடி அனுமதி கேட்டுக் காத்திருந்தார்கள். 2025 செப்டம்பரிலும் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டன. ஆகவே ஆணை எழுதுவதற்கு முன்பு புதிய கொட்டேஷன் ஒன்று வாங்கி, அன்றைய மாற்று விகிதத்தையும் வரியையும் போட்டுப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். வெளிநாட்டு நாணயத்தில் வாங்கும் உருப்படிகளுக்கு விகித ஏற்றத்துக்கென்று ஒரு சிறு ஒதுக்கு வைத்து, பயன்படாவிட்டால் திருப்பித் தரச் சொல்லலாம்.

மிகுதியாகப் பணம் வீணாவது அறையில். விண்ணப்பத்தில் ‘இடவசதி உள்ளது’ என்று ஒரு வரி இருக்கும், பதிவாளர் கையொப்பமிட்டிருப்பார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் கேட்க வேண்டியவை நிறைய. எலக்ட்ரான் நுண்ணோக்கியின் அறைச் சுவருக்குப் பின்னால் லிஃப்ட் ஓடுகிறதா, பக்கத்தில் மின்மாற்றி உண்டா? இருந்தால் காந்தப்புலத்தாலும் அதிர்வாலும் உயர் உருப்பெருக்கத்தில் படம் அலையும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பொறியாளர் கருவியை இயக்கியே காட்ட மாட்டார். தனி எர்த் குழி தோண்டிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போய்விடுவார். படிகங்களின் அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவுக் கருவி என்றால் அணுசக்தி ஒழுங்காற்று வாரியத்தின் இ-லோரா என்ற இணைய உரிமத் தளத்தில் நிறுவனம் பதிந்திருக்க வேண்டும், கதிர்க்குழாயைக் குளிர்விக்கும் நீர் வசதி தயாராக இருக்க வேண்டும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் 400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். கருவி என்றால் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கும் 9.4 டெஸ்லா மீகடத்துக் காந்தம். அதைத் தாங்கும் தளம் வேண்டும். மேலிருந்து ஹீலியம் ஊற்றும் நீண்ட குழாயைக் காந்தத்துக்குள் இறக்கக் கூரை போதிய உயரம் இருக்க வேண்டும். காந்தம் திடீரென மீகடத்தும் நிலையை இழந்தால் ஒரு லிட்டர் திரவ ஹீலியம் எழுநூறு லிட்டருக்கும் மேலான வாயுவாகப் பொங்கும். அது வெளியே போகப் புகைபோக்கி வேண்டும், அறையில் ஆக்சிஜன் அளவு காட்டும் எச்சரிக்கைக் கருவி வேண்டும்.

இவை தயாராகும் முன்பே கருவி வந்து இறங்கினால் என்ன ஆகும் என்பது ஒப்பந்தத்தின் சிறு எழுத்தில் இருக்கிறது. ‘நிறுவிய நாளிலிருந்து 12 மாதம் அல்லது கப்பலேறிய நாளிலிருந்து 15 மாதம், எது முந்தையதோ அது’ என்பதுதான் விற்பனையாளர்கள் வழக்கமாகப் போடும் உத்தரவாத நிபந்தனை. அறைக்கு ஓராண்டு காத்திருந்த பெட்டியைப் பிரிக்கும்போது உத்தரவாதம் முடியும் தறுவாயில் இருக்கும். சுங்கச் சலுகைக்காக மத்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சித் துறையிடம் (டி.எஸ்.ஐ.ஆர்.) செய்யும் பதிவு காலாவதியாகியிருந்தால் பெட்டி மீனம்பாக்கம் சரக்கு முனையத்திலேயே தங்கும், நாள்தோறும் வாடகை ஏறும். அந்த வாடகையை மானியத்திலிருந்து கட்டினால் தணிக்கையில் ஆட்சேபம் வரும்.

தளத் தயார்நிலைக்கு ஒரு சான்று கேட்பது கடினமல்ல. கருவி உற்பத்தியாளரே தரும் முன்தேவைப் படிவத்தை நிறுவனத்தின் பொறியாளர் நிரப்பி, எர்த் அளவு, மின்சுமை, கதவின் அகலம், அறை வெப்பநிலை எல்லாம் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பட்டும். (கதவின் அகலம் என்றால் சிரிக்க வேண்டாம். நிலையை இடித்துக் கருவியை உள்ளே கொண்டுபோன இடங்கள் உண்டு.) தயாராக இல்லை என்றால் முதல் தவணையில் சீரமைப்புக்கு மட்டும் பணம் விடுவித்து, கருவிக்கான தொகையைச் சான்று வந்த பின் விடுவிக்கலாம்.

பணம் வரும் வழியும் மாறிவிட்டது. முன்பு மானியம் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் வந்து சேரும். மத்தியத் திட்டங்களுக்கு 2022இல் வந்த புதிய நடைமுறைப்படி திட்டப் பணத்தைக் கையாளும் மைய முகமையின் கீழ் நிறுவனத்துக்குப் பூஜ்ய இருப்புக் கணக்கு. நிறுவனத்துக்குக் கிடைப்பது செலவழிக்கும் வரம்பு மட்டும். பணம் கணக்குகளில் தூங்கக் கூடாது என்ற நோக்கம் சரியானதே, அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் இறக்குமதிக் கருவிக்குக் கடனுறுதிக் கடிதம் (விற்பனையாளருக்குப் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி) திறக்க வங்கி முழுத் தொகையையும் ஈடாகக் கேட்கும். கருவி கப்பலேற மூன்று நான்கு மாதம் ஆகும். வரம்பு ஜனவரியில் வந்தால் மார்ச் 31க்குள் ஒப்பந்தப்புள்ளியே முடியாது. ஆண்டு முடிந்ததும் வரம்பு போய்விடும், ஏப்ரலில் மறுபடி முதலிலிருந்து. இந்த அவசரத்தில்தான் யாருக்கும் வேண்டாத உருப்படிகள் மார்ச் கடைசி வாரத்தில் வாங்கப்படுகின்றன. கருவித் தலைப்பில் வரும் ஆணைகள் ஜூலை, ஆகஸ்டுக்குள் வெளியானால் பாதிச் சிக்கல் தீரும்.

மானியம் எப்படிச் செலவானது என்று நிறுவனம் தரும் பயன்பாட்டுச் சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி 12-ஏ படிவத்தில் நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் அனுப்ப வேண்டியது அது. திரும்பி வருவதற்குக் காரணங்கள் அநேகமாக மூன்றுதான். ஆர்டர் கொடுத்துப் பணம் கட்டாத தொகையைச் செலவாகக் காட்டியிருப்பார்கள். மானியத் தொகைக்குக் கிடைத்த வட்டியை மத்திய அரசின் தொகுநிதிக்குச் செலுத்தாமல் கருவிக்கே சேர்த்திருப்பார்கள். பட்டயக் கணக்காளரின் அறிக்கையில் ஒரு எண்ணும் சான்றிதழில் வேறு எண்ணும் இருக்கும். பழைய மானியத்தின் சான்றிதழ் இப்படித் தொங்கிக்கொண்டிருந்தால் புதியதன் கோப்பு நகராது. பரிந்துரை வந்த பிறகு பழைய கோப்புகளைத் தேடுவதைவிட, விண்ணப்பிக்கும் நாளிலேயே நிதி அலுவலர் நிலுவைப் பட்டியலை எடுத்துவிடுவது மேல்.

கொள்முதல் விதியில் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இரட்டைச் சுமை. மத்திய மானியம் பொது நிதி விதிகளையும் மத்திய அரசின் இணையக் கொள்முதல் சந்தையான ஜெம் தளத்தையும் சுட்டும். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமோ மாநிலப் பல்கலைக்கழகத்தின்மேல் தனியே நிற்கிறது. 2020 மே மாதம் 200 கோடி வரையிலான கொள்முதலுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி (வெளிநாட்டு விற்பனையாளர்களிடமும் கேட்பது) கூடாதென்று விதி வந்தபோது, இந்தியாவில் செய்யப்படாத கருவிக்கும் விலக்குக் கேட்டுக் கோப்பு டெல்லிக்குப் போக வேண்டியிருந்தது. 2025 ஜூனில் மத்திய அரசு இதைத் தளர்த்தியது. ஆராய்ச்சி நிறுவனங்களின் இயக்குநர்களும் துணைவேந்தர்களுமே அனுமதிக்கலாம் என்றானது, நேரடிக் கொள்முதல் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாகவும் துறைக் கொள்முதல் குழு வாங்கும் வரம்பு 25 லட்சமாகவும் உயர்ந்தது. வரவேற்கத்தக்க மாற்றம். மத்திய மானியத்தில் வாங்கும் மாநிலப் பல்கலைக்கழகம் இந்தத் தளர்வைப் பயன்படுத்தலாமா, மாநிலச் சட்டப்படிதான் போக வேண்டுமா என்று அனுமதி ஆணையிலேயே ஒரு வரி இருந்தால், மூன்றாண்டு கழித்து இரண்டு தணிக்கைக் குழுக்கள் இரண்டு விதமாகக் கேட்கும் நிலை வராது.

பராமரிப்பைக் கடைசியில் வைத்திருக்கிறோம், கோப்புகளிலும் அது கடைசியில்தான் இருக்கிறது. உதிரிப்பாகம் உள்ளிட்ட முழுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குக் கருவி விலையில் ஆண்டுக்கு ஐந்து முதல் பத்து விழுக்காடு கேட்பது சந்தை வழக்கம். ஒன்றரைக் கோடி கருவிக்கு ஏழரை முதல் பதினைந்து லட்சம். என்.எம்.ஆர். என்றால் இதற்கு மேல் வாரந்தோறும் திரவ நைட்ரஜன், சில மாதத்துக்கு ஒருமுறை ஹீலியம். அந்த ஹீலியத்தை ஒரு முறை தவறவிட்டால் காந்தமே போகலாம். இயக்குபவர் ஒருவர் வேண்டும். ஆய்வு மாணவர்களை மாற்றி மாற்றி உட்கார வைத்தால் இரண்டாண்டில் யார் எந்த அமைப்பை மாற்றினார் என்றே தெரியாமல் போகும். மானியம் முடிந்த ஆறாம் ஆண்டிலிருந்து இந்தச் செலவு எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று நிறுவனத்தின் ஆட்சிக்குழுத் தீர்மானம் ஒன்றை அனுமதிக்கு முன்பே கேட்க வேண்டும். பயனர் கட்டணத்தை எவ்வளவு வைப்பது, அது பல்கலைக்கழகப் பொதுக் கணக்கில் கரையாமல் கருவிக்கென்று தனிக் கணக்கில் நிற்குமா என்பதும் அந்தத் தீர்மானத்தில் இருக்கட்டும். ஆராய்ச்சிக் கருவிகளைப் பகிர்ந்துகொள்ள 2020இல் தொடங்கப்பட்ட ஐ-ஸ்டெம் என்ற தேசிய இணையதளத்தில் கருவியைப் பதிந்து வெளியாருக்குத் திறந்துவிட்டால் கட்டணம் ஓரளவு வரும். பெயருக்குப் பதிந்துவிட்டு முன்பதிவுக்கு நாளே ஒதுக்காத இடங்களில் வராது. அடுத்த தவணையை விடுவிக்குமுன் கருவியின் பயன்பாட்டுப் பதிவேட்டை, எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை வெளி மாதிரிகள் என்று, சான்றிதழோடு சேர்த்துக் கேட்கலாம்.

இப்படிக்கு,
பல்கலைக்கழகக் கருவி மையத்திலும் நிதிப் பிரிவிலும் பணியாற்றுவோர் சிலர்,
திருச்சிராப்பள்ளி.