நாம் எழுத வேண்டிய பதில்

பொறையாறு,
ஞாயிறு இரவு.

அன்பு நண்பா,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

ஜெர்மனியில் ஹாலே பக்கத்திலிருந்து நம் தோழமைச் சபையார் நாலு பேர் வந்து ஐந்து நாள் தங்கிப் போனார்கள். தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். கூட வந்த ஒரு வயதான அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்குவின் கல்லறைக் கல்லில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் கேட்டார்: “நாங்கள் உங்களுக்காக ஜெபிக்கிறோம். நீங்கள் எங்களுக்காக என்ன ஜெபிக்கிறீர்கள்?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் ஊர்க் கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு எட்டுப் பத்துப் பேர்தானாம். பல கிராமங்களுக்கும் சேர்த்து ஒரே போதகர். கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனி காலத்தில் அவர் வகுப்பில் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் தன் விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் சடங்கு) எடுத்த ஒரே பெண் அவர்தானாம். இத்தனை வருஷத் தோழமையில் இதையெல்லாம் நாம் ஒரு தரமாவது விசாரித்தோமா? கிணறு, ஹாஸ்டல் கூரை, தையல் மெஷின் என்று கேட்டு எழுதினோம்; வந்த பணத்துக்குக் கணக்கும் போட்டோவும் அனுப்பினோம். கணக்கு சுத்தமாக இருந்தது, அதில் குறை இல்லை. ஆனால் கணக்கு கடிதமாகாது.

ஆரம்பத்தில் இப்படி இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்குவும் அவரோடு வந்த மிஷனரி புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அனுப்பியவர் டென்மார்க் ராஜா, வந்தவர்கள் ஜெர்மானியர். பிறகு லண்டனில் கிறிஸ்தவ நூல்களைப் பரப்பிய எஸ்.பி.சி.கே. சங்கம் அச்சுப்பொறியும் காகிதமும் அனுப்பியது. தமிழ் எழுத்தை ஹாலேயில் வார்த்தார்கள். அது பெரிதாக இருந்து காகிதம் போதாமல் போகவே, இங்கேயே சின்ன எழுத்து வார்த்து 1715-இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். பொருள் அங்கிருந்து வந்தது, சரி. இங்கிருந்து போனது என்ன தெரியுமா? கடிதம்! நம் சாமி, சடங்கு, வைத்தியம், கல்யாணம் பற்றி மிஷனரிகள் கேட்ட கேள்விகளுக்கு இவ்வூர்த் தமிழர்கள் எழுதிய பதில்கள், 99 கடிதங்கள், ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. எழுதியவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள்கூட இல்லை. கூசாமல், சில இடத்தில் வெள்ளைக்காரர் நடத்தையைக் கண்டித்தும் எழுதியிருக்கிறார்கள். கையேந்துகிறவன் எழுத்து அல்ல அது.

போன வாரம் சபைக் கமிட்டியில் இதைச் சொன்னேன். “பணம் கேட்காமல் ஒரு கடிதமா?” என்று ஒருவர் முகம் சுளித்தார். நம் போதகர் ஐயர் என் பக்கம் நின்றார். ஸ்திரீகள் சங்கம் அதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது: வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அந்த அம்மாவின் கிராமத்துப் பெயரைச் சொல்கிறார்கள். உச்சரிப்பு ஆளுக்கொரு விதம்.

கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு. சுனாமியில் கடலோரக் குடும்பங்கள் பட்டது, நம் பிள்ளைகள் வேலை தேடி சென்னைக்குப் போய்விட்டதால் காலியாகும் நம் பெஞ்சுகள் எல்லாம் எழுதப் போகிறேன். அவர்கள் கோயில் காலியானது எப்படி என்றும் கேட்கப் போகிறேன். அந்த அம்மாவின் திடப்படுத்தல் நாளைப் பற்றி முழுதாக எழுதச் சொல்லவும் ஆசை.

முதல் பிரதியை உனக்கு அனுப்புகிறேன். தமிழ் வாத்தியார் கண்ணால் பார்; இரக்கம் கேட்கிற தொனி எங்காவது இருந்தால் அடித்துவிடு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு நண்பன்