அசனக் கூடத் திருப்பணி நிறைவு: சபையாருக்குக் கட்டடக் கமிட்டியின் அறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு, கட்டடக் கமிட்டியின் ஸ்தோத்திரங்கள்.

சபையின் பொது விருந்தான அசனத்துக்குரிய கூடம், சமையல்கட்டு, அரிசி அறை மூன்றும் வேலை முடிந்து, சேகர குரு ஐயா ஜெபித்துத் திறந்துவைத்தாயிற்று. ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையும் கொடுத்தாயிற்று; கடன் இல்லை. தணிக்கை செய்த வரவு செலவு வீட்டுக்கு வீடு தனித்தாளாக வந்திருக்கும், ஆலய அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கிறது. அதனால் ரூபாய்க் கணக்கை இங்கே திரும்ப எழுதவில்லை. ஏன் இப்படிக் கட்டினோம், இனி இது எப்படி நடக்கும் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கோபுரம். ஆலயத்துக்குக் கோபுரம் எடுக்க வேண்டும் என்று பல வருஷமாகப் பேச்சு இருந்தது, அதற்கென்று காணிக்கை போட்டவர்களும் உண்டு. அந்தப் பணத்தைத் தொடவில்லை. தனிக் கணக்கில் அப்படியே இருக்கிறது. ஆனால் 2023 டிசம்பர் 17-க்குப் பிறகு நம் சபையில் கோபுரத்தைப் பற்றி யாரும் பெரிதாக வாய் திறக்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை தாண்டியது, ஏரல் பாலம் சேதமானது, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது. நம் ஊருக்குள் வந்த தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

ஆலயம் மேட்டில் இருப்பதால் பாதி ஊர் அங்கேதான் ஏறியது. நம் சபையாரைவிட மற்றவர்கள்தான் அதிகம். இடம் இருந்தது, சோறு இல்லை. பழைய அசனக் கொட்டகை பள்ளத்தில் இருந்ததால் விறகு எரிக்கும் கோட்டை அடுப்பு தண்ணீருக்குள் போய்விட்டது. வீடுகளில் பிடி பிடியாக எடுத்து வைத்துச் சேர்த்த கைப்பிடி அரிசி மூட்டைகள் ஊறி, இரண்டாம் நாள் வாடை அடிக்க ஆரம்பித்தன. ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறை வராந்தாவில் ஒரே ஒரு கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டு, குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மட்டும் கஞ்சி ஊற்றினார்கள் நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தார். கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. மேலத்தெரு அடிபம்பு ஒன்றுதான் ஊருக்கே தண்ணீர் கொடுத்தது. புதுக் கட்டடத்தின் திட்டம் உண்மையில் அந்த வராந்தாவில் போட்டதுதான். பொறியாளர் வரைந்தது பிற்பாடு.

அதனால்தான் தரைமட்டம் இவ்வளவு உயரம். பழைய கொட்டகைச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன கறைக்கு மேலே இரண்டடி விட்டு அடித்தளம் போட்டோம். மண் நிரப்பவே நிறையச் செலவானது, அதைப் பலர் குறையாகச் சொன்னார்கள். சொல்லட்டும், அந்தச் செலவில் எங்களுக்கு வருத்தம் இல்லை. படிக்குப் பக்கத்தில் சாய்தளம் வைத்தது சக்கர நாற்காலிக்கு மட்டும் இல்லை, அண்டாவை உருட்டி ஏற்றவும்தான். கேஸ் அடுப்பு போட்டபிறகு விறகடுப்பு எதற்கு என்று கேட்டார்கள். ரோடு அறுந்தால் சிலிண்டர் வண்டி வராது. ஆகவே கோட்டை அடுப்பும் உண்டு, விறகு அடுக்க மேலே பரணும் உண்டு. போர்வெல் மோட்டாரோடு ஒரு அடிபம்பும் போட்டிருக்கிறோம்.

வாசல் இரண்டு. ஒன்று ஆலய வளாகத்துக்குள், இன்னொன்று நேராகத் தெருவில். தெரு வாசல் வேண்டவே வேண்டாம், பாதுகாப்பு இல்லை என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். கமிட்டிக்குள்ளேயே இரண்டு கூட்டம் இதில் போனது. கோவில் கேட்டைத் தாண்டி வரக் கூச்சப்படுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், சோறு வாங்க வருகிறவர்களை நம் கேட் வழியாகத்தான் வர வேண்டும் என்று சொல்வது சரியில்லை என்று கடைசியில் முடிவானது. நம் பகுதிக்கு இது புதிதும் இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) நாசரேத்தில் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டதோடு நிற்காமல், அவர்கள் கைத்தொழில் கற்க 1878-இல் தொழிற்பள்ளியும் தொடங்கினார். அந்த வழியில் வந்த சபைகள் நாம்.

பணம் வந்த விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய தொகை கொடுத்தவர்கள் உண்டு, நன்றி. ஆனால் வேலை நின்றுபோகாமல் ஓடியது அறுப்பின் பண்டிகை ஏலத்தால். வெள்ளத்தில் வாழை எல்லாம் சாய்ந்துபோன அடுத்த பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த தார்கள் மிகக் கொஞ்சம். அதில் ஒரு தாரை ஏலம் எடுத்தவர் திரும்ப ஏலத்துக்கே விட்டார், அடுத்தவரும் அப்படியே செய்தார். மத்தியானம் வரை அந்த ஒரே தார் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியாக எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகும்போது காம்பு பாதி கழன்றிருந்தது.

வெளிநாட்டிலிருந்து அனுப்பியவர்களில் சிலருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பியதில் மனவருத்தம் உண்டு. விஷயம் இதுதான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் தன் சம்பாத்தியத்தை வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், நம் ரத்தமாகவே இருந்தாலும், சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கான பதிவு நம் சபைக்கு இல்லை. துபாயில் இருக்கும் தம்பியிடம் வாங்கிக்கொண்டு அமெரிக்காவில் இருக்கும் அண்ணனிடம் வாங்காதது இதனால்தான், வேறு பாரபட்சம் எதுவும் இல்லை.

பெயர்க் கல்வெட்டு வைக்கவில்லை. ஃபேனிலும் டியூப் லைட்டிலும் ‘அன்பளிப்பு’ என்று எழுதுவதையும் நிறுத்தினோம். டியூப் லைட்டில் பெயர் எழுதினால் எவ்வளவு வெளிச்சம் மிஞ்சும் என்று தெரியும்தானே. வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று வேதத்திலேயே இருக்கும்போது கமிட்டி இதற்குத் தனி விளக்கம் தரத் தேவையில்லை.

அப்புறம், கைப்பிடி அரிசி. தாய்மார்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது, அதுதான் இந்தக் கூடத்தின் மாதாந்திரச் சோற்றுக்கு ஆதாரம். சிக்கல் என்னவென்றால், எல்லா வீட்டு அரிசியும் ஒரே மூட்டையில் விழுந்தது. பச்சரிசி, புழுங்கல், ரேஷன், இட்லி அரிசி எல்லாம் கலந்தால் சமைக்க முடியாது. ஒன்று குழைந்து கிடக்கும், இன்னொன்று விதையாக நிற்கும். இதனாலேயே முன்பு அதை மலிவாக ஏலம் விட்டுத் தள்ளினோம். இப்போது அரிசி அறையில் மூடி போட்ட பீப்பாய்கள் மூன்று: பச்சை, புழுங்கல், கலப்பு. கலப்பு மட்டும் மாவுக்கும் கஞ்சிக்கும் போகும். ஞாயிறு காலை ஆராதனைக்கு வரும்போது எந்தப் பீப்பாய் என்று பார்த்துப் போடுங்கள்.

யாருக்கு மாதாமாதம் உதவிப் பை போகிறது என்ற பட்டியலைச் சபை ஊழியரும் ஐக்கிய சங்கத்தில் இருவரும் மட்டும் வைத்திருப்பார்கள். அதை ஆலயத்தில் வாசிக்கும் பழக்கம் இனி இல்லை. போட்டோவும் எடுக்கக் கூடாது. பை வாங்குகிற அம்மா கையில் பையைக் கொடுத்து நான்கு பேர் சுற்றி நின்று படம் பிடிப்பதைப் பார்த்தபிறகுதான் இந்த விதி வந்தது. மாலை ட்யூஷன் பிள்ளைகள் இப்போதே கூடத்துக்கு மாறிவிட்டார்கள். வாரநாளில் ஐந்தரையிலிருந்து எட்டு வரை கூடம் அவர்களுக்கு.

முடியாத வேலையும் இருக்கிறது. மொட்டைமாடியில் சூரிய மின்தகடு போட இடம் விட்டிருக்கிறோம், பணம் இல்லை. பின்பக்கச் சுற்றுச்சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. அடுத்த கமிட்டி பார்த்துக்கொள்ளட்டும்.

தெரு வாசல் சாவி சபை ஊழியரிடமும், எதிர்வீட்டு டீக்கடையிலும் இருக்கும். மழை எச்சரிக்கை வந்தால் யாரையும் கேட்காமல் திறக்கலாம். கல்யாணம், சடங்கு வீடுகளுக்கு அண்டா, கிடாரம் இரவல் உண்டு, வாடகை இல்லை. அடி கரியைத் தேய்த்துக் கழுவி, மூடியோடு திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
கட்டடக் கமிட்டியார்