தோப்புக் குடில்களில் இரவுச் சத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கடலோரத் தோப்புகளில் வார இறுதிக் குடில்கள் பெருகி வருவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அமைதியைத் தேடித்தான் மக்கள் அங்கே வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த அமைதி இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் வீட்டுக்காரர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையின் தறிப் பிரிவில், சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவர். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதென்றாலும் கை ஜாடைதான். வேலையை விட்ட பிறகும் அந்த இரைச்சல் அவரை விடவில்லை. ராத்திரி பகல் என்று இல்லாமல் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம். இதை முழுசாக நிறுத்த மருந்து இல்லை, ஆனால் மெல்லிய சீரான ஓசை ஏதாவது பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தால் தொல்லை குறையும் என்றார் காது டாக்டர். உண்மைதான். ஜன்னல், கதவெல்லாம் சாத்தி, ஓசையே இல்லாமல் படுத்தால்தான் அவருக்கு அது இன்னும் அதிகமாகக் கேட்கும். காது இரைச்சல் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள்.

அப்படித்தான், தென்பெண்ணை கடலில் சேருகிற பக்கம், ஒரு சவுக்குத் தோப்புக் குடிலுக்குப் போகத் தொடங்கினோம். தோப்புக்காரக் குடும்பமே நடத்துகிறது. கீற்றுக் கூரை, சிமெண்ட் தரை, முன்னால் திண்ணை, இரண்டு கயிற்றுக் கட்டில். ஏசி கிடையாது, டிவி கிடையாது, குளிக்க அடி பம்பு. மீன் கிடைத்தால் குழம்பு, கிடைக்காவிட்டால் ரசமும் கருவாடும். சாயங்காலம் கடல் காற்று எழும்பியதும் சவுக்கு மரங்கள் எல்லாம் சேர்ந்து இரையத் தொடங்கும். காற்றுக்கு ஏற்றபடி அந்த ஓசை ராத்திரி முழுக்க ஏறி இறங்கும், அதற்கும் அடியில் அலைச் சத்தம். முதல் இரவே என் வீட்டுக்காரர் அசந்து தூங்கினார். காலையில் செம்போத்து கூவும்போதுதான் எழுந்தார். "இன்னொரு நாள் இருந்துட்டுப் போலாமா?" என்று அவராகவே கேட்டார். சொந்தக்காரர் வீட்டில்கூடத் தங்கப் பிடிக்காத மனிதர் அவர்.

அந்தத் தோப்பும் சும்மா வந்ததில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்த மாதிரி இவர்கள் சவுக்கும் மொத்தமாகச் சாய்ந்தது. கடன் வாங்கி மறுபடி நட்டார்கள். சவுக்கு நாலைந்து வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும் என்றாலும், சாரத்துக்கும் பந்தலுக்கும் காகித ஆலைக்கும் போகிற கட்டையின் விலை நிலையாக இருப்பதில்லை. குடில் வாடகைதான் இடைப்பட்ட காலத்தில் கைகொடுக்கிறது. ஆகவே குடில்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் நிறைய வரட்டும்.

பக்கத்துத் தோப்பில் புதிதாக ஒரு விடுதி வந்திருக்கிறது. சனிக்கிழமை ஆனால் ஆள் உயர ஸ்பீக்கர்களை வெட்டவெளியில் நிறுத்தி, நள்ளிரவு தாண்டியும் டிஜே ஆட்டம். கடைசியாகப் போனபோது திண்ணையில் வைத்திருந்த சொம்பில் தண்ணீர் அதிர்ந்துகொண்டே இருந்தது. காற்றும் அலையும் இருக்கிற இடமே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தோப்புக்காரத் தம்பி போய்க் கேட்டதற்கு, காசு கொடுத்து வந்த விருந்தாளிகளைத் தடுக்க முடியாது என்றார்களாம். சரி, போலீசுக்குச் சொல்வோம் என்று போன் செய்தோம். சத்தம் வருகிற இடம் எங்கள் எல்லையில் இல்லை, பாண்டிச்சேரியில் சொல்லுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால், நீங்கள் தங்கியிருப்பது கடலூர் மாவட்டம், அங்கேதான் புகார் கொடுக்க வேண்டும் என்றார்கள். பாகூர்ப் பக்கம் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், ஒரு வயல் புதுச்சேரியாகவும் அடுத்த வயல் தமிழ்நாடாகவும் இருக்கும். சத்தம் போடுகிறவர்களுக்கு இது நல்ல வசதியாகப் போய்விட்டது.

ஆனால் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு இரவு அளவு 45 டெசிபல். தனியார் இடத்தில் வைக்கிற ஒலிக் கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் அளந்தால் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. திருவிழா, பண்டிகைக்கு மாநில அரசு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு 12 மணி வரை மட்டும் தளர்வு கொடுக்கலாம். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் சாமி கடலுக்கு வரும்போது கேட்கிற மேளத்தை யாரும் குறை சொல்லவில்லை. அது ஊரே கூடுகிற நாள், நானும் போய் நிற்பேன். சனிக்கிழமைதோறும் ஒரு விடுதி தன் வியாபாரத்துக்காகப் போடுகிற கூத்து அந்தக் கணக்கில் வராது.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தை, மாசியில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையேறி முட்டையிடுகின்றன. இரவில் பொரித்து வரும் குஞ்சுகள் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம்தான் நகரும். இருட்டான கரையில் கடல்தான் வெளிச்சமாகத் தெரியும், அதனால் சரியாகப் போய்ச் சேரும். மரத்துக்கு மரம் சீரியல் பல்பு, கடலைப் பார்த்து ஃபோகஸ் லைட் என்று போட்டால் குஞ்சுகள் தோப்புப் பக்கம் ஏறி வந்து, விடிந்ததும் வெயிலிலும் காக்கையிடமும் சாகும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக அதிகப் பாதுகாப்புத் தருகிற முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது. முட்டைக் காலத்தில் கடலைப் பார்த்த விளக்கை அணைத்து வைப்பதால் எந்த விடுதிக்கும் நஷ்டம் வந்துவிடாது.

கடலூர், புதுச்சேரி ஆட்சியர்கள் இருவரிடமும் நான் கேட்பது இதுதான். எந்தப் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொன்னாலும் புகாரைப் பதிந்து, மறுபக்கத்துக்கு அவர்களே தெரிவிக்க வேண்டும். புகார் கொடுப்பவரை அலையவிடக் கூடாது. கடலோர விடுதிகளுக்கு அனுமதி கொடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் 10 மணிக் கட்டுப்பாட்டையும் விளக்குக் கட்டுப்பாட்டையும் நிபந்தனையாகவே எழுத வேண்டும். புத்தாண்டு இரவுக்கு இப்போதே விளம்பரத் தட்டிகள் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்குள் இரண்டு நிர்வாகமும் சேர்ந்து இதற்கென்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தால், உங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் அதைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.