மதருக்கும், அண்ணிக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

அம்மாவை அடக்கம் செய்து இன்றோடு பதினொரு நாள். நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதி நேரம் நீங்களும் கூடவே இருந்தீர்கள். அதனால், படுக்கையில் கிடந்த அம்மாவை நான் வீட்டில் தங்கிப் பார்த்துக்கொண்ட அந்த ஏழு மாதக் கதையைத் திரும்ப எழுதவில்லை. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் வாயைத் திறந்தால் முதலில் அழுகைதான் வருகிறது. சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில், நான் சகோதரியாக இருக்கும் துறவற சபையின் மாநிலத் தலைவிக்கு. நாங்கள் அவரை மதர் என்றுதான் கூப்பிடுவோம். இந்தச் சொல்லால் எங்கள் வீட்டில் இருபத்திரண்டு வருடமாக ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. துறவறப் பயிற்சி பெறும் நவதுறவகத்தில் சேர்ந்த புதிதில் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, "மதர் சொன்னாங்க, மதர் கேட்டாங்க" என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அம்மா சொன்னார்: "பெத்தவ இங்க இருக்கேன். நீ அங்க போய் யாரையோ அம்மாங்குற." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் யார் தலைவியாக வந்தாலும் அம்மாவுக்கு அவர் "உங்க பெரிய சிஸ்டர்"தான். மதர் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

வீட்டில் தங்க அனுமதி கேட்டு எழுதியபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. 1983-இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 665-ஆவது விதி இருக்கிறது. நியாயமான காரணம் இருந்தால், ஆலோசனைக் குழுவின் ஒப்புதலோடு, ஒரு சகோதரி ஓராண்டுவரை துறவற இல்லத்துக்கு வெளியே தங்க உயர் தலைவி அனுமதிக்கலாம். அனுமதிக்க'லாம்'. அந்த 'லாம்' என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை. "எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்கதானே நாம?" என்று ஒரு மூத்த சகோதரி கேட்டதும் காதிலேயே இருந்தது. (அவர்மேல் தப்பில்லை. கலப்பையில் கை வைத்தபின் திரும்பிப் பார்ப்பதைப் பற்றி இயேசு சொன்னதை வைத்து நானே பலருக்குத் தியானம் கொடுத்தவள்.) மதரிடமிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது. "போய் அம்மாகூட இரு. எப்ப வருவேன்னு நான் கேட்கமாட்டேன்." கடைசிவரை கேட்கவும் இல்லை.

நான்காம் மாதம் ஒரு பிற்பகல், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். செபம் சொல்வார் என்று நான் மெழுகுதிரியைத் தேடி எடுத்து வைத்தேன். அவரோ அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்வை விலகியிருந்தது. சுண்டுவிரல் நகம் வளைந்து பக்கத்து விரலைக் குத்தி, அந்த இடம் சிவந்து கிடந்தது. மாத்திரை, ரத்த அழுத்தம், எந்தப் பக்கம் எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தோம் என்பதுவரை நோட்டில் எழுதி வைத்தவள் நான். அது என் கண்ணில் படவே இல்லை.

வெந்நீர் கேட்டார். கால்களை அதில் ஊறவைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, தரையில் உட்கார்ந்தார். பெருவிரல் நகம் மரப்பட்டைபோலத் தடித்திருந்தது. ஓரத்திலிருந்து துளித்துளியாக நறுக்கினார். ஒவ்வொரு நறுக்குக்கும் அம்மாவின் முகத்தை ஒருதடவை நிமிர்ந்து பார்த்தார். பையில் அவருடைய ஃபோன் இரண்டு முறை அடித்தது. எடுக்கவில்லை.

"இவ சின்னதுல நகம் வெட்ட விடவே மாட்டா. தூங்குறப்பதான் வெட்டுவேன்" என்றார் அம்மா.

"இப்பவும் அப்படித்தாம்மா. முழிச்சிருக்கறப்ப இவகிட்ட ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் மதர்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

தலைவியானவர் நோயுற்ற சகோதரிகளை அக்கறையோடு சென்று பார்க்க வேண்டும் என்று அதே சட்டத்தொகுப்பின் 619-ஆவது விதி சொல்கிறது. சகோதரியைப் பெற்றவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழனன்று நாம் பாதம் கழுவும் சடங்கு செய்கிறோம். உண்மையைச் சொன்னால், ஏற்கெனவே வீட்டில் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்த பாதங்களைத்தான் கழுவுகிறோம். விவிலியத்தில், தெசலோனிக்கருக்கு எழுதும்போது திருத்தூதர் பவுல் தன்னைப் பிள்ளைகளைப் பேணும் ஒரு தாயோடு ஒப்பிடுகிறார். துறவற சபைத் தலைவியரிடம் 2013 மே 8 அன்று பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், அர்ப்பணிக்கப்பட்ட பெண் ஒரு தாய், தாயாக இருந்தே ஆகவேண்டும் என்றார். இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பிற்பகலில் செய்தித்தாளில் விழுந்த நகத்துணுக்குகளைப் பார்த்தபோதுதான், இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தது எனக்கே விளங்கவில்லை என்று தெரிந்தது.

மதர் போனபிறகு அம்மா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "உங்க பெரிய சிஸ்டருக்கு கை நடுங்குது, பாத்தியா? அவங்கள யாராச்சும் பாத்துக்குறீங்களா?"

நான் பார்க்கவில்லை. வருடக்கணக்காக அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவள் நான். படுக்கையில் கிடந்தவர் கண்ணில்தான் அது பட்டது. மதர், இதை இப்படி ஊரறிய எழுதியதற்கு மன்னியுங்கள். மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன். தட்டிக்கழித்தால் அம்மா பெயரைச் சொல்லி இழுத்துக்கொண்டு போவேன்.

நற்கருணையோடு வெள்ளிதோறும் வந்த பங்குத்தந்தைக்கு, இரவில் எத்தனை மணிக்கு அழைத்தாலும் சலிக்காத மருத்துவருக்கும் செவிலியருக்கும், முறை வைத்துக் கண்விழித்த பக்கத்து வீட்டாருக்கு, என் வகுப்புகளைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்ட சகோதரிகளுக்கு, அடக்கத் திருப்பலியில் அழுதுகொண்டே பாடி முடித்த பாடகர் குழுவுக்கு நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் உரிமையோடு கோபித்துக்கொள்ளுங்கள்.

அண்ணி, உங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் ஏழு மாதம் செய்ததை நீங்கள் ஒன்பது வருடம் செய்தீர்கள். சிஸ்டர் வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டாராம் என்று ஊரே என்னைத்தான் புகழ்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறீர்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த மாதம் எனக்கு ஓர் இல்லத்தின் பொறுப்பு வருகிறது. பதினொரு சகோதரிகள், நான்கு பேர் எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள். வாரத்தில் ஒரு பிற்பகல் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, ஃபோனை உள்ளேயே வைத்துவிட்டு, அவர்கள் அறைகளில் போய் உட்காருவேன். இதை எல்லோருக்கும் தெரிய எழுதுவதே, செய்யாவிட்டால் நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

மதர், உங்கள் கண்ணாடிக்கூடு இன்னும் எங்கள் வீட்டு ஜன்னல் திட்டில்தான் இருக்கிறது. யாரும் எடுக்கக்கூடாது, அவங்க திரும்ப வருவாங்க என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரி