பொப்பிசை மாலை: உறுப்பினர்களுக்கான அறிவித்தல்

அன்பான நண்பர்களுக்கு வணக்கம்.

எழுபதுகளில் கோயில் திருவிழா இரவுகளில் யாழ்ப்பாணத்துக் கண்ணன் இசைக்கோஷ்டி மேடையேறும்வரை மணலில் விழித்திருந்த நாம், அந்த இசையையும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசைப் பாடல்களையும் ஒருமுறை சேர்ந்திருந்து கேட்கவேண்டுமெனப் பலர் விரும்பியதற்கிணங்க, 2026 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 மணிக்கு, நல்லூரில் எமது பொருளாளரின் வீட்டு முற்றத்தில் ஒன்றுகூடல் ஒழுங்குசெய்யப்பட்டுள்ளது. மனோகரன் அவர்கள் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார். அவரது நினைவு நாளை ஒட்டியே இத்திகதி தெரிவுசெய்யப்பட்டது.

1. வீட்டில் எஞ்சியுள்ள ஒலிநாடாக்களையும் இசைத்தட்டுகளையும் உங்கள் பெயரை எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள்.

2. பூஞ்சணம் பிடித்த நாடாவை ஓடவிட்டுப் பார்க்கவேண்டாம். நாடாவும் பழுதாகும், கருவியும் பழுதாகும்.

3. தொண்ணூறுகளில் போர்க்காலத்தில் மின்சாரமின்றிச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்டதைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறோம். பழைய டைனமோ வைத்திருப்போர் அறியத்தரவும். (சுழற்றும் பொறுப்பு தோள்வலி இல்லாதவருக்கே வழங்கப்படும்.)

4. பாட விரும்புவோர் பாடலின் பெயரை முன்கூட்டியே தெரிவிக்கவும். கரோக்கி வேண்டாம் என்பது எனது தாழ்மையான கருத்து. மேசையில் போடும் தாளமே போதும்.

5. வெளிநாட்டில் உள்ளோருக்கான சூம் இணைப்பு அன்று பிற்பகல் இக்குழுவிலேயே பகிரப்படும்.

அயலவர்களுக்கு இடையூறு ஏற்படாதவாறு இரவு 8 மணிக்கு ஒலிபெருக்கி நிறுத்தப்படும்.

வடைக்கும் தேநீருக்கும் கணக்கு வேண்டியுள்ளதால், குடும்பத்தினர் எத்தனைபேர் வருவீர்கள் என்பதை ஜனவரி 18 இற்கு முன்னர் இங்கேயே பதிலாக இடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
செயலாளர்