மஞ்சள் சட்டைப் பையன்

அன்புள்ள மணி,

கடிதம் கிடைத்தது. கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே, உன் சோம்பல் எனக்குத் தெரியும். இங்கே வர்ஜீனியாவில் பேரனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் எனக்குப் பகலெல்லாம் சும்மாதான்.

"எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது, இனி நிருபர் எதற்கு?" என்று கேட்டிருக்கிறாய். நாற்பது வருஷம் செய்தி எழுதினவனிடம் கேட்கிற கேள்வியா இது? சரி, இந்த மாநிலத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

2006 ஆகஸ்ட். செனட்டர் ஜார்ஜ் ஆலன் மறுபடி போட்டியிடுகிறார். எதிர்த்து நின்ற ஜிம் வெப்பின் ஆட்கள் சித்தார்த் என்ற 20 வயதுக் கல்லூரிப் பையனைக் கேமராவோடு அவர் பின்னாலேயே அனுப்பியிருந்தார்கள். போகிற ஊருக்கெல்லாம் போய்ப் பேச்சைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பிரேக்ஸ் என்ற சின்ன ஊரில் கூட்டம். வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் இவன் ஒருவன்தான் மாநிறம். ஆலன் அவனைக் கைகாட்டி, மஞ்சள் சட்டைக்காரர், 'மகாக்கா'வோ என்னவோ பெயர் என்றார். அது ஒரு குரங்கினத்தின் பெயர். அதோடு விடாமல், அமெரிக்காவுக்கு நல்வரவு என்றும் சொன்னார். பையன் பிறந்து வளர்ந்தது வர்ஜீனியாவில். வரவேற்றவர் பிறந்ததோ கலிஃபோர்னியாவில்!

யூடியூப் அப்போது இரண்டு வயதுகூட ஆகாத குழந்தை. வீடியோ அதில் ஏறியது, நாடே பார்த்தது. நவம்பரில் 23 லட்சத்துக்கு மேல் விழுந்த ஓட்டில் பத்தாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஆலன் தோற்றார். ஈராக் போர் மீதிருந்த கோபமும் சேர்ந்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் பழைய கதைதான் ஞாபகம் வந்தது. தாலுகா ஆபீஸ் எதிரில் நடந்த கூட்டம், நினைவிருக்கிறதா? வேட்பாளர் மைக்கில் ஒரு சாதியைப் பற்றிச் சொன்ன வார்த்தையை நாம் இரண்டு பேருமே குறித்துக்கொண்டோம். அப்புறம் மேடைக்குப் பின்னால் வைத்து, "வாய் தவறிடுச்சு தம்பி, விட்டுடுங்க" என்று காப்பி வாங்கிக் கொடுத்தார். விட்டுவிட்டோம். மறுநாள் பேப்பரில் 'எழுச்சியுரை' என்று பன்னிரண்டு வரி வந்தது. சித்தார்த்துக்கு அந்தக் காப்பியை யாரும் நீட்டவில்லை, அவன் எதிர்க்கட்சி ஆள்.

ஆனால் 2008இல் மேஹில் ஃபௌலர் என்ற அம்மாள் செய்ததுதான் பெரிது. சம்பளமில்லாமல் இணையத்துக்கு எழுதினவர், ஒபாமாவுக்குத் தேர்தல் நன்கொடையும் கொடுத்தவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் பத்திரிகைக்காரர்களை விடாத ஒரு நிதி திரட்டும் கூட்டத்துக்குப் போனார். வேலை போன சின்ன ஊர்க்காரர்கள் கசந்துபோய்த் துப்பாக்கியையும் மதத்தையும் கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள் என்று ஒபாமா அங்கே பேசியது இவருடைய ஒலிப்பதிவுக் கருவியில் இருந்தது. நாலைந்து நாள் மனசுக்குள் அடித்துக்கொண்டு, கடைசியில் எழுதிவிட்டார். விருந்தாளியாகப் போன இடத்தில் இது தர்மமா என்று நீ கேட்பாய். நம்மைவிட நல்ல நிருபர் என்றுதான் சொல்வேன்.

நிருபர் வேண்டாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருவர் சொன்னதைக் கேமரா பதிவு செய்யும். "ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்று திருப்பிக் கேட்காது. நாமும்தான் கேட்கவில்லை, போ.

அந்த வருஷத்துக் குறிப்பேடுகள் உன் வீட்டுப் பரணில்தானே இருக்கின்றன? பச்சை அட்டை போட்டதைத் தேடி எடுத்து வை. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன்.

அன்புடன்,
உன் ராமு