உன் மணிக்கட்டு வலி பற்றி

அன்புக் கண்ணம்மாவுக்கு,

நேற்று வீடியோ காலில் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் மாப்பிள்ளையிடம் நீட்டினாயே, அப்போதே கேட்க நினைத்தேன். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில்தானே வலி? கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களால் மூடிக்கொண்டு, கையைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்துப் பார். சுரீரென்று இழுத்தால் அநேகமாக நான் நினைப்பதுதான்.

நர்ஸாக இருந்த காலத்தில், குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்துவிட்டுத் தன் கையை நீட்டிக் காட்டிய தாய்மார்கள் எத்தனையோ பேர். கட்டைவிரலை விரிக்கிற, தூக்குகிற இரண்டு தசைநாண்கள் அந்த இடத்தில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. ஒரே அசைவு திரும்பத் திரும்ப நடந்தால் உறை தடித்துப்போகும். நாண் வழுக்காமல் உரசும். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வேன் 1895இல் இதைப் பற்றி எழுதினார். இன்றும் டாக்டர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள்.

நீ பிள்ளையைத் தூக்குவதைக் கவனித்தேன். கட்டைவிரலை அகல விரித்து, அக்குளில் கொடுத்துத் தூக்குகிறாய். பாரமெல்லாம் அந்த இரண்டு நாண்களில் விழுகிறது. பிள்ளையின் எடையோ வாராவாரம் ஏறுகிறது. இனி ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் மற்றதைத் தலைக்கும் முதுகுக்கும் அடியிலும் கொடுத்து, உள்ளங்கை மேலே பார்க்க அள்ளி எடு. பால் கொடுக்கும்போது தலையணை வைத்துக்கொள், தலையின் பாரம் மணிக்கட்டில் இறங்கக் கூடாது. பிள்ளை தூங்கியதும் அதே கட்டைவிரலால் போனைத் தள்ளிக்கொண்டிருக்காதே.

தைலம் தேய்த்து அழுத்தி நீவ வேண்டாம். சம்பந்தியம்மா அன்பாகத்தான் சொல்வார்கள், இருந்தாலும் வேண்டாம். எலும்பு டாக்டரிடம் போ. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டை கொடுப்பார். சில வாரம் போட்டாலே பலருக்குக் குறைந்துவிடும். குறையாவிட்டால் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அறுவை சிகிச்சை வரை போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பால் கொடுக்கிறாய், வலி மாத்திரையை நீயாகக் கடையில் வாங்காதே. ராத்திரியில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போனால் அதையும் சொல். அது நரம்பு அழுந்துவதால் வருவது, வைத்தியம் வேறு.

"பிள்ளை பெத்த உடம்பு, வலிக்கத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் பொறுத்துக்கொண்டு இருக்காதே. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, கை தூக்க முடியாத நிலையில் வந்தவர்களைப் பார்த்தவள் நான். மாப்பிள்ளையிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு. குளிப்பாட்டுவதும், ராத்திரி தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பதும் கொஞ்ச நாள் அவர் பொறுப்பாக இருக்கட்டும். டாக்டரிடம் என்றைக்குப் போகிறாய் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அம்மா